அப்பாவின் நேர்த்தியும் அலெட்ச் காடும்

2019ஆம் ஆண்டு ஆடி அமாவாசை யூலை 31, புதன்கிழமை வந்தது. கலண்டரில் அதைக் கண்டதுமே வேலைத்தளத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஓகஸ்ட் 1, சுவிஸின் தேசிய நாள். அன்று வேலைக்கு வர ஒருவருக்கும் மனம் இராது. அந்த நாளை நான் செய்கிறேன், முதல் நாளை எனக்குத் தாருங்கள் என்றேன். தந்தார்கள்.

பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். மத்தியானச் சூப்பை அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்புத்தான். மூன்றாம் மாடியில் வாலிஸ் மாகாணத்து அம்மா ஒருவர் இருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர், ரோன் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் பிறந்தவர். லீவு நாளைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார். "31ஆம் திகதியா? அது எங்கள் ஊரவர் நடக்கும் நாள்" என்றார். அன்றைக்குச் சூப் ஆறிப்போனது.

அவர் சொன்னதை நான் பிறகு தேடி வாசித்தும் உறுதிசெய்துகொண்டேன். அலெட்ச் என்பது அல்ப்ஸ் மலைகளிலேயே நீளமான பனியாறு, இன்றைக்கும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அதன் விலாவில் மேர்யெலன் என்று ஓர் ஏரி. அந்தக் காலத்தில் பனியே அணைபோல நின்று ஏரித் தண்ணீரை மறித்து வைத்திருக்கும். பனி வளர வளரத் தண்ணீரும் ஏறும். ஒருநாள் அணை விட்டுக்கொடுக்கும், கீழே இருக்கும் வயலும் வீடும் மாடும் போகும். இதைப் பார்த்துப் பார்த்துப் பயந்த ஃபீஷ் ஊர்க்காரர் 1678இல் ஒரு நேர்த்தி வைத்தார்கள்: நாங்கள் ஒழுக்கமாக வாழ்வோம், பனி எங்கள் பக்கம் வளராமல் காப்பாற்று, ஆண்டவரே. 1862இல் அதோடு ஒரு நடைப்பவனியும் சேர்ந்தது. ஒவ்வொரு யூலை 31உம், இஞ்ஞாசியார் திருநாளில், எர்னர் காட்டில் இருக்கும் மாதாவின் சிறிய கோயிலுக்கு நடந்து போவார்கள்.

பவனி தொடங்கிய காலத்திலேயே பனி பின்வாங்கவும் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளம் குறைந்திருக்கிறது. பூமி சூடாகிறது. வாலிஸோ மழை குறைந்த பள்ளத்தாக்கு. அங்கே புல்லுக்கும் தோட்டத்துக்கும் மலையோரமாக வெட்டிய வாய்க்கால்களில் வருவது பனி உருகிய தண்ணீர். எதை வளரவேண்டாம் என்று முந்நூறு வருடமாகக் கேட்டார்களோ, அதுதான் தங்களுக்குத் தண்ணீர் வார்த்தது என்று விளங்கியபோது ஊரவர் வேண்டுதலை மறுபக்கம் திருப்ப நினைத்தார்கள். ஆனால் கடவுளுக்குக் கொடுத்த வாக்கைத் தாங்களாகவே மாற்ற முடியாதல்லவா? வத்திக்கானிடம் அனுமதி கேட்டார்கள். 2010இல், பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசராக இருந்தபோது, அனுமதி கிடைத்தது. இப்போது அதே ஊரவர் பனி குறையக்கூடாது என்று செபிக்கிறார்கள்.

"முதலில் குறை என்று கேட்டோம், இப்போது கூட்டு என்று கேட்கிறோம். ஆண்டவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை, கண்ணில் நீர் நின்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை.

என்னுடைய அப்பா புன்னாலைக்கட்டுவனில் புகையிலைத் தோட்டம் செய்தவர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமணைக் காடு, யாலைக் காடு. ஒன்றரை மாத நடை. 1991இல் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது ஒரு நேர்த்தி வைத்தாராம்: பிள்ளை போய்ச் சேர்ந்தால் இன்னொருமுறை நடந்து வருவேன். நான் சேர்ந்துவிட்டேன். அவரால் நடக்க முடியவில்லை. பாதை பூட்டிக் கிடந்தது, பிறகு அவருடைய கால் பூட்டிக்கொண்டது. 2003இல் காலமானார். நேர்த்தியைப் பற்றி அம்மா தொலைபேசியில் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அமாவாசை விரதமும் என்னுடையது, அந்தக் கடனும் என்னுடையது.

அந்த வருடம் கதிர்காமத்துக்குப் போவதற்குத்தான் இருந்தேன். உகந்தையில் இருந்து காட்டுப் பகுதியை மட்டுமாவது நடந்துவிடலாம் என்று டிக்கெற்றும் எடுத்தாயிற்று. ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மகள் ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெற்றை ரத்துச் செய்துவிட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே அமாவாசையன்று இங்கேயே ஒரு காட்டில் நடப்பது என்று முடிவெடுத்தேன். அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டபிறகு எந்தக் காடு என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அலெட்ச் காடு.

மலையில் ஒருநாள் நடப்பதற்கு ஆயத்தம் செய்வதைச் சிலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து மகளும் நானும் இரண்டு இரவு இருந்தோம். பேர்ணில் இருந்து பிரிக் வரைக்கும் ஒருமணி நேர ரயில். நடுவில் 2007இல் திறந்த, 34.6 கிலோமீற்றர் நீளமான லொட்ச்பெர்க் அடிச் சுரங்கம். பிரிக்கில் மாறி, சிவப்பு நிற மலை ரயிலில் மோரெல். அங்கிருந்து கேபிள் காரில் 1,900 மீற்றருக்கு மேலே இருக்கும் ரீடரால்ப். கார் போகாத ஊர். பிறகு கால். ரீடர்ஃபூர்கா என்ற கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் காட்டுக்குள் இறங்க வேண்டும். திரும்புவதற்குக் கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி முந்தியே திரும்பிவிட வேண்டும் என்று மகள் சிவப்பு மையால் எழுதினாள். கோடையில் பின்னேரத்து இடிமழை இந்த மலைகளில் சொல்லாமல் வரும்.

இங்கே நடைபாதைகளுக்கு நிறம் உண்டு. வெறும் மஞ்சள் என்றால் எவரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை பூசியிருந்தால் மலைப்பாதை, நல்ல சப்பாத்தும் உறுதியான காலும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் எனக்கு உரியதல்ல. சந்திகளில் நிற்கும் மஞ்சள் பலகைகளில் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கில் இளைப்பாறும் நேரம் சேராது. அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது, பிரஷர் குளிசை போடுகிறேன். பலகை சொல்வதோடு பாதியைக் கூட்டு என்றாள் மகள். நான் முதலில் தெரிந்தெடுத்த கீழ்ப்பாதையை அவள் வரைபடத்தில் குறுக்கே வெட்டினாள். பனி தாழ்ந்துபோனதால் பிடிமானம் இழந்த மலைச்சரிவு 2016இல் மோஸ்ஃப்ளூ பக்கம் வேகமாகச் சரியத் தொடங்கவே, அங்கே சில பாதைகளைப் பூட்டிவிட்டார்கள். ஒரு பனியாறு மெலிந்தால் அதன்மேல் சாய்ந்திருந்த மலையும் சரியும் என்பதை நான் அந்த மேசையில்தான் அறிந்தேன்.

விரதம்தான் பெரிய சிக்கல். ஊரில் என்றால் கீரிமலையில் தீர்த்தமாடி, மத்தியானம் படைத்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு ஒருவேளை சாப்பிடுவோம். வெறும் வயிற்றோடு இரண்டாயிரம் மீற்றரில் நடக்கலாமா? பேர்ண் ஐரோப்பாத் திடலில், சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கும் எங்கள் சிவன் கோயிலுக்குப் போனபோது மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். "உடம்பு இருந்தால்தானே பிள்ளை விரதம். விடியக் காலமை படைச்சு, கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டேன்: அப்பாவின் நேர்த்தியை இந்த நடையில் கழிக்கலாமா? அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கதிர்காமத்துக்கு வைச்சது கதிர்காமத்துக்குத்தான். பனிமலைக்கு மாத்துறதுக்கு நீ ஆர்?"

நீ ஆர்? ஃபீஷ் ஊரவரும் தங்களைக் கேட்டிருக்கக் கூடியது இதே கேள்விதான். அவர்களுக்குக் கேட்டுப்பார்க்க ஒரு பாப்பரசர் இருந்தார். எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. பூக்கட்டிப் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. சாமி முன்னால் இரண்டு பொட்டலத்தை வைத்து, எனக்குச் சுகமான பதிலுக்காகக் காத்து நிற்பதுபோல இருந்திருக்கும்.

மகளுக்கு இந்தத் தடுமாற்றமே விளங்கவில்லை. "அம்மா, பனி குறைஞ்சது செபத்தாலயும் இல்லை, கூடப்போறதும் செபத்தாலயில்லை. காபன்" என்றாள். அவள் சொல்வது சரி. ஆனால் அதைவிடக் கசப்பான ஒன்று எனக்குத் தெரியும். என்னோடு புறப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் வந்து சேரவில்லை. அவர்களுடைய அப்பாக்களும் ஏதோ ஒரு கோயில் வாசலில் நின்று கேட்டவர்கள்தான். என் அப்பாவின் நேர்த்தியைக் கேட்டு முருகன் என்னைச் சேர்ப்பித்தான் என்று நான் சொன்னால், அந்த அப்பாக்களின் நேர்த்தியை அவன் கேட்கவில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அதை என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது. நேர்த்தி என்பது விலை என்றால், நான் அந்த விலையைக் கொடுக்க மறுக்கிறேன்.

விலை இல்லையென்றால் பிறகு எதற்கு அது என்னை முப்பது வருடமாக விடாமல் பிடித்திருக்கிறது? வரைபடத்தின் மேல் குனிந்திருந்த இரண்டாம் இரவில் எனக்கு ஒன்று தெளிந்தது. அப்பா ஒன்றரை மாதம் நடந்த கால்களைத்தான் என் பயணத்தோடு சேர்த்துக் கட்டினார். நீ போகிற தூரத்துக்கு நானும் நடப்பேன் என்று. அவருக்குக் கொடுக்கக் காசும் இல்லை, செல்வாக்கும் இல்லை. கால் இருந்தது. ஃபீஷ் ஊரவர் விஷயத்திலும் நான் பார்க்கத் தவறியது இதுதான். வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நடையைத் திருப்பவில்லை. அதே திருநாள், அதே காட்டுக் கோயில். கேட்கும்போது மனிதருக்கு முழுவதும் தெரிவதில்லை. 1678இல் இருந்தவர்களுக்கு வெள்ளம் தெரிந்தது, வாய்க்கால் வற்றும் என்பது தெரியாது. தெரியாமல் கேட்டதற்காக ஆண்டவர் அவர்களைக் குறைவாக நினைப்பார் என்று நான் நம்பவில்லை. தவறு தெரிந்தபிறகும் கூச்சப்படாமல் அதே வாசலுக்கு வந்து நின்றார்களே, அதை அவர் பெரிதாக நினைப்பார் என்றுதான் நம்புகிறேன்.

ஆயத்தம் செய்வது நம்பிக்கைக் குறைவு என்று சொல்பவர்களிடம் எனக்கு இப்போது பேச்சில்லை. அப்பா முருகனை நம்பித்தான் போனார். போவதற்கு முன் இரண்டு மாதம் செருப்பில்லாமல் தோட்டத்து வரம்பில் நடந்து பாதத்தை உரமாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் யானை இறங்கும் என்று முன்பு போனவர்களிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். உகந்தையில் காட்டுவழி எப்போது திறக்கும் என்று விசாரிக்காமல் அவர் ஒருபோதும் புறப்பட்டிருக்கமாட்டார். மகளின் சிவப்பு மையைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் சூப் கொண்டுபோனேன். வாலிஸ் அம்மா இன்னொரு கதை சொன்னார். இறந்தவர்களின் ஆத்துமாக்கள் தங்கள் குற்றம் தீரும்வரை அலெட்ச் பனிக்குள் நின்று குளிரில் விறைக்கும் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம். பனியோரத்து வீடொன்றில் சிமித்யா என்று ஒரு கிழவி இருந்தாள். இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே அந்த ஆத்துமாக்களுக்காகச் செபிப்பாள். இரவில் கதவைத் திறந்துவைத்து, உள்ளே வந்து குளிர்காயுங்கள் என்று கூப்பிடுவாள். அவள் செத்த இரவு, வரிசையாக விளக்குகள் பனியை நோக்கிப் போவதை ஊரவர் கண்டார்கள். கத்தோலிக்கருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் நெருப்பு. இந்த மலைக்காரர் அதைப் பனியாக ஆக்கிவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த வேதனை அது.

"நாளைக்குப் போகிறாய். எனக்காகவும் ஒன்று கேள்" என்றார். பனி நிற்கவேண்டும் என்றா என்று கேட்டேன். "அதை என் ஊரவர் கேட்பார்கள். பனி உருகினால் அதற்குள் நிற்கிறவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு ஓர் இடம் கேள்."

அமாவாசையன்று விடிய மூன்றரைக்கு எழும்பினேன். காத்தோட்டிக்காய் கிடைக்கவில்லை. வாழைக்காயும் பூசணியும் பயற்றங்காயும் சமைத்து, அப்பாவின் படத்துக்கு முன் படைத்து, ஒருபிடியைப் பல்கணியில் காகத்துக்கு வைத்தேன். காட்டில் வைக்க முடியாது என்பது முன்பே தெரியும். 1933இல் இருந்து அது பாதுகாக்கப்பட்ட இடம். பாதையை விட்டு விலகக்கூடாது, ஒரு பூ பறிக்கக்கூடாது. அங்கே சோற்றைப் போட்டுவிட்டு வருவது அப்பாவுக்கும் பிடித்திராது. கஞ்சி குடித்தேன். குளிசை, ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழைச்சட்டை, புட்டு, 144 என்ற அவசர மீட்பு இலக்கம். எல்லாவற்றையும் மகள் எழுதிய துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நடையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரேயொரு இடத்தைச் சொல்லவேண்டும். ரீடர்ஃபூர்காவைத் தாண்டி இறங்கினால், ஆர்வே என்று இங்கே சொல்லும் பைன் மரங்கள். அவற்றில் ஐந்நூறு வருடத்தைத் தாண்டியவையும் உண்டு. முறுகி, பாதி உடம்பு பட்டுப்போய், மறுபாதியில் கரும்பச்சை ஊசியிலைகளோடு நிற்கின்றன. இன்னும் இறங்கினால் கல்லும் மண்ணும் குவிந்த ஒரு வரம்பு வருகிறது. 1860 அளவில் பனி அதுவரைக்கும் நின்றது. வரம்புக்கு மேலே கிழட்டு ஆர்வே. கீழே, பனி விட்டுப்போன நிலத்தில், இளம் லார்ச் மரங்கள், என் தோளுக்கும் தலைக்குமாக. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், சாம்பல் நிறத்தில் பனியாறு. முழங்காலளவு கல்லொன்றில் இருந்து கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். பவனியில் நடந்தவர்கள் பயந்த பனி என் தலைக்கு நேரே நின்றிருக்கிறது.

மேலே ஒரு கிளையில் கரகரத்த குரல் கேட்டது. மண்ணிற உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பறவை, டானன்ஹேயர். ஆர்வே விதைகளைக் கொத்தியெடுத்து, தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு போய், பனிக்காலத்துக்கென்று ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைக்கும். அது எடுக்காமல் விடுகிற விதைகளில் இருந்துதான் இந்தக் காடு பெரும்பாலும் முளைக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். படிக்கும்போது மனதில் பதியாத ஒன்று அந்தக் குரலைக் கேட்டதும் பதிந்தது. அது காகத்தின் இனம்.

எழும்பி நின்று கும்பிட்டேன். அப்பாவிடம், நேர்த்தி இன்னும் இருக்கிறது, மாற்றமாட்டேன், காடு திறக்கும் வருடத்தில் வருவேன் என்றேன். பிறகு அந்த அம்மாவுக்காகவும் கேட்டேன். மகளுக்கு, வரம்புக்கு வந்துவிட்டேன், திரும்புகிறேன் என்று வற்சப்பில் எழுதினேன். சிவப்பு மை எழுதிய நேரத்துக்கு இருபது நிமிடம் முந்தி இருந்தது.

ஓகஸ்ட் 1 மத்தியானம் சூப் கொண்டுபோனபோது அந்த அம்மா யன்னலோரம் காத்திருந்தார்.

"கேட்டாயா?"

"கேட்டேன்."

"எந்த மொழியில்?"

"தமிழில்" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.